27 நிமிட மௌனமும் ஒரு இரண்டே கால் ரூபாய் சாமானும்

ரொம்ப நாள் கழித்து ஒரு வரலாற்றுக் கட்டுரை. வரலாறு என்றதும் சோழர் காலம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும், இது 1976-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கூத்து. அதற்கு முன்னால் போன மாதம் எங்கள் கல்லூரியில் நடந்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு விழாவை யூடியூபில் நேரலையாக அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படிப்பது பி.காம். டேலியும் பேரேடும் தெரியும். "இவன்கிட்ட லேப்டாப் இருக்கு, ஓபிஎஸ் தெரியும்கறான்" என்ற ஒரே தகுதியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு கேமரா. சத்தத்துக்கு இரண்டு வழி: ஒன்று, மைக் செட் அண்ணனின் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு ஒயர். இன்னொன்று, ஹாலின் பின்பக்கம் நின்ற கேமராவில் இருக்கும் மைக். (மிக்ஸர் என்றதும் டீக்கடை மிக்ஸர் ஞாபகம் வந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். இது வேறு.)

இரண்டையும் திறந்து வைத்தேன். பத்து நிமிடத்தில் ஒருவர் கமென்ட் போட்டார், "கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்று. உடனே கேமரா மைக்கை அடைத்தேன். எதிரொலி போய்விட்டது, சத்தம் சும்மா ஜம்மென்று இருந்தது. எனக்கு நானே கைதட்டிக்கொண்டு ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படம் மாற்றுவதில் மூழ்கிவிட்டேன். நடுவில் யாரோ ஒருவர் கால் பட்டு அந்த ஒற்றை ஒயரின் பின் மிக்ஸரிலிருந்து கழன்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. 11 நிமிடம் உலகத்துக்கு ஊமைப் படம் காட்டியிருக்கிறேன்.

அந்த 11 நிமிடத்துக்குள்தான் என் வகுப்புத் தோழி ஒருத்தி சிறந்த மாணவி விருது வாங்கி மூன்று நிமிடம் பேசினாள். அவள் அப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அரை நாள் லீவு போட்டுவிட்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் அவள் என்னிடம், "அப்பா பார்த்தாராம்டா. நான் வாய் அசைச்சதை" என்றாள். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நம்மைப் போல உலகத்தில் வேறு யாராவது இப்படி மாட்டியிருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். மாட்டியிருந்தது சாதாரண ஆள் இல்லை, ஒரு அமெரிக்க ஜனாதிபதி! அற்ப சந்தோஷம்தான். ஆனால் படிக்கப் படிக்க சந்தோஷம் போய் வேறு மாதிரி ஆகிவிட்டது.

சரி, மேட்டருக்கு வருவோம். முதலில் ஒரு அடிப்படை விஷயம். நேரடி ஒளிபரப்பில் படமும் சத்தமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பத்து கேமரா இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டுகிறோம், மற்ற ஒன்பதையும் தள்ளிவிடுகிறோம். படம் என்பது தேர்வு. சத்தம் அப்படி இல்லை. பத்து மைக் திறந்திருந்தால் பத்தும் சேர்ந்துதான் கேட்கும். சத்தம் என்பது கூட்டல். ஒரு கேமரா சொதப்பினால் அடுத்த கேமராவுக்குத் தாவிவிடலாம். ஆனால் கூட்டிய தொகை போகும் ஒரே பாதை அறுந்தால் தாவுவதற்கு இடமே கிடையாது.

என் எதிரொலி எப்படி வந்தது என்பதும் இதில் அடக்கம். ஒயர் வழியாக வரும் சத்தம் உடனே வந்துவிடும். காற்று வழியாக வரும் சத்தம் நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடை ஸ்பீக்கரிலிருந்து கேமரா 30 மீட்டர் தள்ளி நின்றால், அதே சொல் கேமரா மைக்குக்கு சுமார் 0.09 நொடி தாமதமாகப் போய்ச் சேரும். ஒரே சொல் இரண்டு முறை, கிணறு ரெடி. இதில் ஒரு சுவாரஸ்யம் என்னவென்றால், உதட்டசைவுக்குப் பின்னால் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தால் நாம் பொறுத்துக்கொள்வோம், முன்னால் வந்தால் பொறுக்க மாட்டோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையில் இதற்குக் கணக்கே இருக்கிறது. சத்தம் 45 மில்லிநொடி முந்தினாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தும்போது 125 மில்லிநொடி வரை கண்டுகொள்வதில்லை. நியாயம்தானே? திருவிழா வாணவேடிக்கையில் முதலில் பூ விரியும், அப்புறம்தான் 'டமால்'. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவர் கை கீழே இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். சத்தம் முந்தி வந்து நம் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

இப்போது வரலாறு. 1967 ஜூன் 25-ஆம் தேதி 'அவர் வேர்ல்ட்' என்று ஒரு நிகழ்ச்சி செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளை இணைத்து நேரலையில் போனது. 14 நாடுகள் தங்கள் பகுதியைத் தயாரித்துக் கொடுத்தன. முதலில் சேர்வதாக இருந்த சோவியத் அணி நாடுகள் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டன. பிரிட்டன் கொடுத்த பகுதி, லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவிலிருந்து பீட்டில்ஸ் பாடிய 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. பாட்டு, டிரம்ஸ், பேஸ் கிடார், ஒரு சிறு இசைக்குழு, கூட்டமாக உட்கார்ந்திருந்த நண்பர்கள் என்று எல்லாமே ஒரே அறையில். இத்தனையையும் அந்த நொடியிலேயே கூட்டி ஒற்றைத் தடத்தில் பிபிசி-க்கு அனுப்ப வேண்டும். எல்லாமே நேரடியாக இருக்க வேண்டும் என்பது நிகழ்ச்சியின் விதி. ஆனால் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் விவரமான ஆள். பின்னணி இசையில் ஒரு பகுதியை பத்து நாளைக்கு முன்பே டேப்பில் பதிவு செய்து வைத்துக்கொண்டார். நேரடியாகக் கூட்ட வேண்டிய ஐட்டம் குறையக் குறைய ஆபத்தும் குறையும் இல்லையா. திருட்டுத்தனம்தான், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒலிப் பொறியாளர் ஜெஃப் எமெரிக் பிற்பாடு ஒரு விஷயம் சொன்னார். எதிர்பார்த்ததற்கு சுமார் 40 நொடி முன்பாகவே இவர்கள் முறை வந்துவிட்டதாம். அப்போது அவரும் மார்ட்டினும் பதற்றம் தணிய விஸ்கி குடித்துக்கொண்டிருந்தார்களாம். அறிவிப்பு வந்ததும் பாட்டிலையும் கிளாஸையும் மிக்ஸிங் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தார்களாம். கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு!

அது ஜெயித்த கதை. இனி தோற்ற கதை.

1976 செப்டம்பர் 23, வியாழக்கிழமை இரவு. பிலடெல்ஃபியா நகரில் வால்நட் தெரு தியேட்டர். ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டும் அவரை எதிர்த்து நிற்கும் ஜிம்மி கார்ட்டரும் விவாதம் செய்கிறார்கள். 1960-ல் கென்னடியும் நிக்சனும் மோதியதற்குப் பிறகு 16 வருடம் கழித்து நடக்கும் முதல் ஜனாதிபதி வேட்பாளர் விவாதம். ஆட்சியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் இப்படி வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. இடையில் வியட்நாம், வாட்டர்கேட், நிக்சன் ராஜினாமா, அந்த நிக்சனுக்கு ஃபோர்டு கொடுத்த பொது மன்னிப்பு என்று எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மக்கள் அரசியல்வாதிகள் வாயைக் கூர்ந்து கவனித்த காலம். பார்த்தவர்கள் சுமார் 7 கோடி பேர்.

அன்றைக்கு ஒளிபரப்பு எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் கோளாறின் அளவு புரியும். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி என்று மூன்று பெரிய நிறுவனங்கள், அது போகப் பொதுத் தொலைக்காட்சி. ஒவ்வொருவரும் தனித்தனியே கேமராவும் மைக்கும் கொண்டுவந்தால் மேடை தாங்காது, செலவும் கட்டுப்படி ஆகாது. அதனால் 'பூல்' என்று ஒரு ஏற்பாடு. ஒரு நிறுவனம் எல்லோருக்கும் சேர்த்துப் படத்தையும் சத்தத்தையும் தயாரித்துக் கொடுக்கும், மற்றவர்கள் அதை வாங்கி ஒளிபரப்புவார்கள். அன்றைக்கு அந்தப் பொறுப்பு ஏபிசி-யிடம் இருந்தது. மேடையில் இரண்டு வேட்பாளர்கள், நெறியாளர் எட்வின் நியூமன், கேள்வி கேட்க மூன்று பத்திரிகையாளர்கள். ஆறு குரல்களும் ஒன்றாகக் கூட்டப்பட்டு ஒரு பெருக்கிக் கருவி வழியாக எல்லா நிறுவனங்களுக்கும் போனது.

காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் உட்கார்ந்து தூங்குபவனுக்குக் கூட இது நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும். நாலு பேர் செய்யும் செலவை ஒருவர் செய்கிறார், பங்கு போட்டுக்கொள்கிறோம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. செலவைப் பங்கு போட்டவர்கள் ஆபத்தைப் பங்கு போடவில்லை, ஒரே இடத்தில் குவித்து வைத்துவிட்டார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. நான்கு நிறுவனங்களும் தனித்தனி ஒயர் போட்டிருந்தால் ஒன்று செத்தாலும் மூன்று பேசியிருக்கும்.

இரவு 9:30-க்கு ஆரம்பித்த விவாதம் 81 நிமிடம் ஒழுங்காகப் போனது. பாக்கி இருந்தது 9 நிமிடம். உளவு அமைப்புகளைக் கட்டுப்படுத்தச் சரியான சட்டம் இல்லையே என்று பத்திரிகையாளர் எலிசபெத் ட்ரூ கேட்டதற்கு ஃபோர்டு பதில் சொல்லி முடித்திருந்தார். அடுத்து கார்ட்டர். மக்களுக்கு அரசின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்துபோனது பற்றி வாக்கியத்தை ஆரம்பித்தார், பாதியில் சத்தம் நின்றது. மணி 10:51. 'உடைந்தது' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே உடைந்திருக்கிறது. சினிமாவில் வைத்தால் ஓவர் என்போம்.

கோளாறு என்ன தெரியுமா? அந்தப் பெருக்கிக் கருவிக்குள் இருந்த ஒரு சின்ன கெப்பாசிட்டர். நம் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக் கொடுப்பாரே, அந்தச் சாதி. விலை 25 சென்ட் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய மாற்று மதிப்பில் சுமார் இரண்டே கால் ரூபாய். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7 கோடி பேர் தலா 27 நிமிடம் காத்திருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 3600 வருட மனித நேரம். (பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், தெரியும். கணக்கு ஆசை விடவில்லை.)

படம் மட்டும் நன்றாக வந்துகொண்டிருந்தது. அதுதான் கொடுமையே. அந்த 27 நிமிடமும் இருவரும் என்ன செய்தார்கள்? நின்றார்கள். அவ்வளவுதான். தத்தம் மேஜைக்குப் பின்னால், ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல், சும்மா நின்றார்கள். உலகத்தின் சக்தி வாய்ந்த நாற்காலியில் இருப்பவரும் அதற்கு ஆசைப்படுபவரும், பள்ளிக்கூட அசெம்பிளியில் தண்டனைக்கு நிறுத்தப்பட்ட பையன்கள் மாதிரி.

பல வருடம் கழித்து பத்திரிகையாளர் ஜிம் லேரர் இருவரிடமும் இதைக் கேட்டிருக்கிறார். உட்கார ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் இந்தச் சின்னச் சிக்கலைக்கூடச் சமாளிக்கத் தெம்பில்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று தயங்கினோம் என்பது ஃபோர்டு சொன்னதன் சாரம். கார்ட்டரோ, அந்தப் படத்தைப் பிற்பாடு பார்த்தபோது வெட்கமாக இருந்தது, இரண்டு ரோபோ மாதிரி நின்றிருந்தோம், ஒருவர் கையை ஒருவர் குலுக்கக்கூடத் தோன்றவில்லை என்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். சத்தம் இல்லாதபோதும் கேமரா ஓடுகிறதே என்ற பயம்தான் இரண்டு பேரையும் கட்டிப் போட்டிருக்கிறது.

அந்த நேரத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் செய்தியாளர்களும் ஏதேதோ பேசி ஓட்டினார்கள். அவர்கள் குரல் மட்டும் எப்படிக் கேட்டது? அவர்கள் மைக் பூலில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் பூல் சத்தத்தை வாங்கி, தன் செய்தியாளர் குரலைத் தன் இடத்தில் தனியாகக் கூட்டிக்கொண்டது. அந்தக் கடைசிக் கூட்டல் தனித்தனியாக இருந்ததால்தான் அமெரிக்கா முழுக்க மயான அமைதி ஆகாமல் தப்பித்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் கோளாறு இல்லை, அது கிளப்பிய சட்டச் சிக்கல். அமெரிக்கச் சட்டப்படி ஒரு வேட்பாளருக்கு ஒளிபரப்பில் நேரம் கொடுத்தால் போட்டியிடும் மற்ற எல்லோருக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும். 1960-ல் அந்த விதியை நாடாளுமன்றம் தற்காலிகமாக நிறுத்தி வைத்துத்தான் விவாதம் நடந்தது. 1975-ல் ஒளிபரப்பு ஆணையம் ஒரு வழி கண்டுபிடித்தது. விவாதத்தை வேறு யாராவது நடத்தட்டும், டிவிக்காரர்கள் ஒரு செய்தி நிகழ்வைப் போலப் படம் பிடித்துக்கொள்ளட்டும், அப்படியானால் சம நேரம் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் 1976-ல் விவாதத்தை நடத்தியது பெண் வாக்காளர்கள் சங்கம். சுயேச்சையாக நின்ற யூஜின் மெக்கார்த்தி தன்னையும் சேர்க்கச் சொல்லிப் போராடினார், நடக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். அது நிஜமாகவே டிவிக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொதுக்கூட்டம் என்றால், டிவி சத்தம் போனதும் கூட்டம் ஏன் நின்றது? நம் ஊர் மேடையில் ரிப்போர்ட்டர் கேமரா ரிப்பேர் ஆனால் பேச்சாளர் பேச்சை நிறுத்துவாரா? நியூமன் நிறுத்தினார், வேட்பாளர்கள் காத்திருந்தார்கள், 11:18-க்குச் சத்தம் திரும்பிய பிறகு கார்ட்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இது டிவிக்காக நடக்கும் நிகழ்ச்சிதான் என்ற உண்மையை அந்த இரண்டே கால் ரூபாய் சாமான் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டது. வக்கீல்கள் பக்கம் பக்கமாக வாதாடியும் நிரூபிக்க முடியாததை ஒரு கெப்பாசிட்டர் வாயைத் திறக்காமலேயே நிரூபித்தது!

1960 விவாதத்தை எல்லோரும் படத்துக்காகவே ஞாபகம் வைத்திருக்கிறார்கள், கென்னடி பளிச்சென்று இருந்தார், நிக்சன் வேர்த்து வழிந்தார் என்று. 1976-ஐ சத்தத்துக்காக ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அக்டோபர் 6-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இரண்டாவது விவாதம். இந்தத் தடவை சத்தம் வந்தது, அதுதான் ஃபோர்டுக்கு வினையானது. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஒரே போடாகப் போட்டார், நாடு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. நவம்பர் 2 தேர்தலில் தோற்றார். அப்போது அந்த கெப்பாசிட்டர் போயிருந்தால் ஜெயித்திருப்பாரோ என்னவோ :-)

அதே 1976 நவம்பரில் இன்னொரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. டான் டூகன் என்ற ஒலிக் கலைஞர் தானியங்கி மிக்ஸருக்குக் காப்புரிமை பெற்றார். நாடகங்களுக்கு ஒலி அமைத்தவர். நிறைய மைக் திறந்திருந்தால் இரைச்சல் ஏறும், ஸ்பீக்கர் 'கூ' என்று கத்தும். திறந்த மைக்குகள் இரண்டு மடங்கானால் இரைச்சல் 3 டெசிபல் கூடும். அவர் கண்டுபிடித்த வழி காமர்ஸ்காரனுக்குச் சட்டென்று புரியும். பார்ட்னர்ஷிப் கணக்கில் இலாபப் பகிர்வு விகிதம் போடுவோம் இல்லையா? நாலு கூட்டாளிக்கும் எப்படிப் பிரித்தாலும் மொத்தம் ஒன்றுதான். அதே மாதிரி, எத்தனை மைக் இருந்தாலும் எல்லாவற்றின் பங்கும் சேர்ந்து ஒரு மைக் அளவுதான். யார் பேசுகிறாரோ அவர் மைக்குக்குப் பங்கு தானாகப் போகும், மற்றவர்கள் பங்கு தானாகக் குறையும். பலர் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகளில் இன்றைக்கும் இந்த முறை ஓடுகிறது. ஆனால் கூட்டிய பிறகு போகும் பாதை ஒன்றே ஒன்றாக இருந்தால் டூகனாலும் காப்பாற்ற முடியாது.

1985 ஜூலை 13 லைவ் எய்ட் நிகழ்ச்சி பற்றி ஒரு வரி. வெம்ப்ளி மைதானத்தில் பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாடும்போது அவர் மைக் சுமார் இரண்டு நிமிடம் வேலை செய்யவில்லை. பியானோ கேட்டது, குரல் கேட்கவில்லை. கூட்டம் பாடிக் கொடுத்தது. அவருக்குக் கூட்டம் இருந்தது.

என் கதைக்கு வருகிறேன். எதிரொலியைக் கொல்ல நான் கேமரா மைக்கை அடைத்தது சரிதான். ஆனால் அடைத்துவிட்டு அதை அப்படியே மறந்ததுதான் தப்பு. இரண்டு வழியையும் ஒன்றாக்கி 'பூல்' போட்டது நானேதான். கெப்பாசிட்டருக்காவது தன்னிஷ்டமாகச் சாகும் உரிமை இருந்தது.

மறுநாள் வகுப்பு முழுக்க விசாரித்தேன். முன்வரிசையில் இருந்த ஜூனியர் பையன் ஒருவன் அவள் பேச்சை போனில் எடுத்திருந்தான். படம் ஒரே ஆட்டம், சத்தம் மட்டும் தெளிவு. அந்தச் சத்தத்தை எடுத்து என் ஊமைப் படத்தோடு சேர்த்து, கைதட்டலை அடையாளமாக வைத்துக் கண் அளவில் பொருத்தி, அவளிடம் கொடுத்தேன். அவள் ஷார்ஜாவுக்கு அனுப்பினாள்.

மைக் செட் அண்ணனையும் போய்ப் பார்த்தேன். "அண்ணே, அடுத்த தடவை ரெண்டு ஒயர் வேணும்" என்றேன். "ஒண்ணையே ஒழுங்காப் பார்த்துக்கத் தெரியலை, ரெண்டா தம்பி?" என்று சிரித்துவிட்டு, இரண்டாவது ஒயரை எந்தத் துளையில் சொருக வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தோழியின் அப்பா. "ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்லாப் பேசியிருக்கா. ஒண்ணே ஒண்ணு... சத்தம் வாய்க்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற மாதிரி இருக்கே, என் போன்ல மட்டும்தானா?"

எத்தனை தடவை பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும் என்று தெரியவில்லை. திறந்து பார்த்தேன், மூன்று ஃபிரேம், 120 மில்லிநொடி முந்தியிருந்தது. பின்னால் தள்ளி மறுபடி அனுப்பினேன்.